மலைக்கு வந்தும் வீசிங் விடவில்லையே, ஏன் டாக்டர்?

கேள்வி: வணக்கம் டாக்டர். போன வருடம் சென்னையிலிருந்து குன்னூர் பக்கம், என் கணவரின் சொந்த ஊருக்கே குடிவந்துவிட்டோம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, பள்ளத்தில் நாற்பது வீடுகள் இருக்கிற சின்ன ஊர். ஏழு வயது மகளுக்குச் சென்னையில் அடிக்கடி வீசிங் வரும். மலைக்காற்றில் சரியாகிவிடும் என்று நம்பித்தான் வந்தோம். கோடையில் நன்றாகவே இருந்தாள். கார்த்திகை பிறந்ததிலிருந்து விடியற்காலை நாலு மணிக்கு இருமிக்கொண்டே எழுந்துவிடுகிறாள். பள்ளி வேனுக்கு நிற்கும்போதும் இளைக்கிறது. போனில் பார்த்தால் காற்றின் தரம் பச்சை நிறம் காட்டுகிறது. மாமனாருக்கு 66 வயது, முப்பது வருடம் தேயிலை ஃபேக்டரியில் இருந்தவர். அவருக்கும் ஓயாத இருமல். வீட்டில் கேஸ் உண்டு; ஆனாலும் சோறும் வெந்நீரும் விறகில்தான். குளிர் தாங்காத ராத்திரிகளில் அத்தை கரிக்கங்கை அள்ளிச் சட்டியில் போட்டு அறைக்குள் வைப்பார். மறுநாள் காலையில் எங்கள் எல்லாருக்குமே கொஞ்சம் தலைவலி இருக்கும், குளிர்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா? இல்லை, சென்னைக்கே திரும்பிவிடலாமா? இன்னொரு சந்தேகம்: வீட்டுக்குப் பின்னால் பேரி மரத்தில் தாடி மாதிரித் தொங்குகிற பாசி, கீழே மெயின் ரோட்டோர மரங்களில் ஒன்றில்கூட இல்லை. இதற்கும் காற்றுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டவற்றுக்குப் பிறகு வருகிறேன். கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அறைக்குள் கரி வைத்த மறுநாள் எல்லாருக்கும் தலைவலி என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். குளிரால் ஒரு வீட்டில் ஐந்து பேருக்கு ஒரே காலையில் தலை வலிக்காது. அது கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயு. இன்று ராத்திரியிலிருந்தே அந்தக் கரிச்சட்டி அறைக்குள் வரக்கூடாது. மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

கங்கில் புகை தெரியாது, நெடியும் இருக்காது. புகை அடங்கிவிட்டது, இனி உள்ளே கொண்டுபோகலாம் என்று பெரியவர்கள் நினைப்பது அதனால்தான். ஆனால் இந்த வாயு நிறைய வருவதே கரி புகையடங்கிக் கனன்றுகொண்டிருக்கும்போதுதான். நிறமோ மணமோ கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்துபோகிற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். இதோடு மலையின் உயரமும் சேர்கிறது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரை ஊரில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒரு மூச்சில் உள்ளே போகிற ஆக்ஸிஜனும் அதே கணக்கில் குறைவு. ஊட்டியில் இன்னும் குறைவு, கிட்டத்தட்ட முக்கால் பங்கு. ஏற்கெனவே இருப்பு குறைந்த கடையில் திருடனும் புகுந்த மாதிரி. சமவெளியில் தலைவலியோடு போகக்கூடிய அளவு, மேலே ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடலாம். குளிர்காலத்தில் மலையூர் விடுதிகளில் கரியடுப்போடு கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்ஸிமீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் என்றே அந்தக் கருவி எண்ணிக்கொள்ளும். 97 என்று காட்டிக்கொண்டே இருக்க, ஆள் மயங்கிக்கொண்டிருப்பார். இனி எப்போதாவது கரி வைத்த அறையில் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்று வந்தால் ஜன்னல் கதவுகளைத் திறந்து, எல்லாரையும் வெளியே கூட்டிவந்து, நேரே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குளிருக்கு வெந்நீர்ப் பை இருக்கிறது, கம்பளி இருக்கிறது, எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் இருக்கிறது. கரன்ட் பில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

சரி, இப்போது பாப்பாவுக்கு வருவோம்.

மலைக்காற்று மருந்து என்கிற நம்பிக்கை நமக்கு 200 வருடப் பழக்கம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறிப்போய், அடுத்த சில வருடங்களில் ஊட்டியில் கல்வீடு கட்டிக்கொண்டதிலிருந்து, உடம்பு தேறப் போகிற இடம் என்றே மலை பெயர் வாங்கிவிட்டது. அது முழுப் பொய்யும் இல்லை. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்கிற மலையூரில் ஆஸ்துமாக் குழந்தைகளை மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள், தேறினார்கள். அங்கே காற்று வறண்டது. படுக்கையில் வாழும் தூசிப்பூச்சி அந்த வறட்சியில் பிழைப்பதில்லை. முக்கியமான காரணம் அதுதான். நம் நீலகிரியோ ஈரமலை. சுவர் வியர்க்கும், பீரோவில் வைத்த செருப்பில் பூஞ்சை பூக்கும். தூசிப்பூச்சிக்கு அது மாமியார் வீட்டு விருந்து. டாவோஸை நினைத்துக் குன்னூருக்கு வந்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

உங்கள் மகளுடைய இருமலுக்கு ஒரு நேரம் இருப்பதைக் கவனித்தீர்களா? கோடையில் இல்லை, கார்த்திகையில் வருகிறது. பகலில் இல்லை, விடியற்காலையில் வருகிறது. ஒரு நெஞ்சு மருத்துவனுக்கு எக்ஸ்ரேயைவிட இந்தத் தகவல் அதிகம் சொல்லும்.

குளிர்காலத்தில், வானம் தெளிந்த இரவுகளில், மலைச்சரிவில் மண் சீக்கிரம் சூட்டை இழந்துவிடும். அதை ஒட்டியிருக்கும் காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். கனத்த காற்று தண்ணீர் மாதிரிதான், சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக, மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். சமவெளியில் அடுப்புப் புகை பெரும்பாலும் பரவிக் கலைந்துவிடுகிறது. உங்கள் பள்ளத்தில் அது மூடி வரை ஏறி, அங்கேயே படர்ந்து, திரும்பக் கூரைகளுக்கு நடுவே இறங்கி நிற்கும். மாலை ஆறு மணிக்கு வீடுகளுக்கு மேலே நீலமாக ஒரு பட்டை நிற்குமே, பார்க்க அழகாகக்கூட இருக்கும். காலையில் வெயில் சரிவில் விழுந்து மண் சூடேறி, அந்த மூடி கலைய ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். ஆக, நாற்பது வீட்டு அடுப்பும் விறகு வெந்நீர்ப் பாய்லரும் விட்ட புகை, ராத்திரி முழுக்க அந்த நாற்பது வீட்டுக்கே சொந்தம்.

ஊர்க்காரர்களுக்கு இது வேறு பெயரில் தெரியும். உறைபனி எங்கே கொட்டும் என்று கேட்டுப் பாருங்கள். தலைகுந்தா, காந்தல் என்று பள்ளத்து இடங்களாகச் சொல்வார்கள். தோட்டக்காரர்களும் பனி இறங்கும் பள்ளத்தில் தேயிலை கருகும் என்று அந்தப் பாத்தியை மட்டும் மூடிவைப்பார்கள். குளிர்காற்று எங்கே தேங்குகிறதோ அங்கேதான் பனியும் விழும், புகையும் படுக்கும். உங்கள் ஊரில் உறைபனி விழவில்லை என்றாலும், காலையில் எந்த மேடு வரை மூட்டமாக இருக்கிறது, எதற்கு மேல் தெளிந்திருக்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள். அந்தக் கோடு உங்களுக்கு இனிமேல் உதவும்.

கார்த்திகைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் விறகு நனைந்துவிடும். ஈர விறகு எரியாது, புகையும். அடுப்பின் சூட்டில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிட, மரம் அரைகுறையாக வெந்து தாரும் கரித்துகளுமாக வெளியே வரும். மழைக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருப்பீர்கள். மழை விட்டு மார்கழி வந்தால் பள்ளத்தின் மூடி இறங்கிவிடும். உங்கள் பாப்பாவுக்கு இடைவெளியே இல்லை.

மலைக்காற்றைக் கெடுப்பது டூரிஸ்ட் கார்கள்தான் என்று உங்கள் ஊரில் யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டைஊசி வளைவுகள். பழைய டீசல் வண்டி முதல் கியரில் முக்கி ஏறும்போது, காற்றும் மெலிந்திருப்பதால் எரிபொருள் சரியாக எரியாமல் கரும்புகை கக்கும். இறங்கும்போது பிரேக் தேய்ந்த தூள் பறக்கும். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததே நெரிசல் தாங்காமல்தான். சாலையை ஒட்டி வீடு இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஆனால் கூட்டம் அலைமோதுவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது உங்கள் மகள் நன்றாக இருந்தாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவளுடைய வீசிங்குக்கு வெளியூர்க் காரை விட உள்ளூர் அடுப்புதான் காரணம். சொல்லக் கசப்பாக இருக்கிறது, வெளியூர்க்காரனைத் திட்டுவது எல்லாருக்கும் எளிது.

அடுப்போடு நிற்காது. தேயிலை ஃபேக்டரிகளில் கொழுந்தை வாட்டவும் உலர்த்தவும் விறகுதான் எரிகிறது. நீலகிரித் தைலம் காய்ச்சுகிற இடங்களில், ஒருமுறை வடித்து முடித்த கற்பூர இலையையே காயவைத்து அடுத்த அடுப்புக்குப் போடுவார்கள். கவாத்து செய்த செடிக்கழிவு, காய்ந்த சருகு, அதோடு சேர்த்துப் பால் கவரும் என்று மாலையில் ஆங்காங்கே குவித்துக் கொளுத்துவதும் உண்டு. பனியில் கருகிய புல் தை, மாசியில் தீப்பற்றிக்கொள்ளும். 2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத் தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் வந்து தண்ணீர் கொட்ட வேண்டியிருந்தது. அப்புறம், கீழேயிருந்து வருவதும் இருக்கிறது. பகலில் சூடான காற்று சரிவில் ஏறும்போது சமவெளியின் புகையையும் கூட்டிக்கொண்டுதான் ஏறும். எவரெஸ்ட் அடிவாரத்தில் 5,079 மீட்டர் உயரத்தில் ஒரு கண்காணிப்பு நிலையம் வைத்துப் பார்த்தபோது, பருவமழைக்கு முந்தைய மாதங்களில் சமவெளியின் கரும்புகை அங்கேயே வந்து நின்றது. அந்தக் கரித்தூள் பனியில் படிந்தால் பனி வெயிலை வாங்கிச் சீக்கிரம் உருகுகிறது. அவ்வளவு உயரத்துக்கே போகிறதென்றால், குன்னூர் அதற்கு ஒரு படிக்கட்டு.

பச்சை நிறக் குழப்பம். போன் காட்டுவது உங்கள் பள்ளத்தில் அளந்த எண் இல்லை. ஊட்டி மாதிரித் தொலைவில் இருக்கிற ஏதோ ஒரு நிலையத்தையும் செயற்கைக்கோள் கணிப்பையும் வைத்து, பல கிலோமீட்டர் பரப்புக்குப் போடுகிற சராசரி அது. சமவெளியில் அது ஓரளவு சரியாக வரும். மலையில் ஒரு மேடு தாண்டினால் வேறு காற்று. தவிர, பச்சை என்பதற்கே நம் நாட்டுக் கணக்கு தாராளம். தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகளை பிஎம் 2.5 என்கிறார்கள், நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகக்கூடியது. ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராம் வரை இருந்தால் நம் அட்டவணையில் பச்சை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன ஒரு நாள் வரம்பு 15. மேலும், 24 மணி நேரச் சராசரியில் உங்கள் வீட்டு விடியற்காலை நாலு மணி, பகல் காற்றோடு கலந்து காணாமல்போய்விடும்.

சிறிய அளவுக்கருவி ஒன்று வாங்கி வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் மூடுபனி நாளில் அது காட்டுவதை நம்பாதீர்கள். விலை குறைந்த கருவிகள் பனித்துளியையும் துகள் என்று எண்ணி எகிறும். மழையும் மூட்டமும் இல்லாத நாட்களில், பாய்லர் பற்றவைக்கும் முன்பும் பின்பும் பாருங்கள். அத்தையும் கூட நின்று பார்த்தால் இன்னும் நல்லது.

இனி என்ன செய்வது? புகையை நிறுத்த முடியாவிட்டாலும் அதன் நேரத்தை மாற்றலாம். பாய்லரைக் காலை ஆறு மணிக்குப் பற்றவைக்காமல், மூடி கலைந்த பிறகு பதினொரு மணிக்குப் பற்றவையுங்கள். அதே விறகு, அதே புகை. ஆனால் பகல் காற்று அதை மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். பாப்பா பள்ளி விட்டு வந்து மாலை நாலு மணிக்குக் குளிக்கட்டும், மலையூரில் விடியற்காலைக் குளியல் யாருக்கும் கட்டாயமில்லை. வருகிற வருடத்துக்கான விறகை மாசியிலேயே பிளந்து, தகரக் கூரைக்கு அடியில், காற்று புகும்படி இடைவெளி விட்டு அடுக்கிவிடுங்கள். ஆறு மாதம் காய்ந்த விறகு, இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று சத்தம் வரும். பச்சை விறகு மொத்தென்று சொல்லும். பாய்லரின் புகைக்குழாய் கூரை விளிம்புக்குக் கீழேயே முடிந்திருந்தால், புகை நேரே மச்சு அறை ஜன்னலுக்குத்தான் வரும். கூரை முகட்டுக்கு மேலே போகும்படி நீட்டுங்கள். பெரும்பாலான மலை வீடுகளில் நான் பார்த்த குறை இது.

சோற்றைக் கேஸுக்கு மாற்றிவிடலாம். வெந்நீருக்குச் சோலார் வைத்தால் மூட்ட நாளில் கைவிடும், அதற்கு மின்சார கீசர் துணை வேண்டும். கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மட்டும் மாட்டாதீர்கள். மூடிய குளியலறையில் அதுவும் கார்பன் மோனாக்சைடு கொடுக்கும். கரிச்சட்டியை வெளியே அனுப்பிவிட்டு இதை உள்ளே விட்டால் கதை திரும்பத் தொடங்கும்.

ஏர் பியூரிஃபையர் வாங்கலாம், நுண்துகளைப் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டி இருக்கிறதா, அறையின் அளவுக்குப் போதுமா என்று பார்த்து. பாப்பா தூங்கும் அறையில் மட்டும், கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஓட வேண்டும். துகளைக் குறைக்கும். கார்பன் மோனாக்சைடை அது தொடக்கூட முடியாது. ஆனால் அடுப்பையும் பாய்லரையும் சரிசெய்யாமல் அதை வாங்கினால், ஓட்டைப் படகில் தண்ணீர் இறைக்கிற வேலைதான். சாம்பிராணி போடும் வழக்கம் இருந்தால் பாப்பா அறையில் வேண்டாம். சுவர்ப் பூஞ்சையைத் துடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள், மெத்தை தலையணையை வெயில் வரும் நாளெல்லாம் வெளியே போடுங்கள். பள்ளி வேனுக்கு மெயின் ரோட்டில் நிற்காமல், முன்பு சொன்ன அந்தக் கோட்டுக்கு மேலே, மேட்டு நிறுத்தத்தில் ஏறிக்கொள்ள முடிந்தால் ஏறிக்கொள்ளட்டும். வரப்போகிற போகியன்று விடியற்காலையில், பழைய டயரும் பாயும் எரிகிற நேரத்தில், வீட்டை விட்டே வெளியே வர வேண்டாம்.

மருந்து விஷயத்தில் ஒரு சந்தேகம். கோடையில் நன்றாக இருந்தாள் என்கிறீர்களே, அப்போது இன்ஹேலரை நிறுத்திவிட்டீர்களோ? நிறையப் பேர் நிறுத்துகிறார்கள், பழகிவிடும் என்று பயந்து. பழகாது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் வீங்கியே இருக்கும். தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் அந்த வீக்கத்தை அடக்கிவைக்கிறது. அதை விட்டுவிட்டுக் குளிர்காலம் போனால், புகை ஒரு தீக்குச்சி, குளிர்காற்று இன்னொன்று. உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டி, வீசிங்தானா என்று உறுதி செய்து, ஸ்பேசர் என்கிற குழாயை மாட்டி இன்ஹேலர் எடுக்கும் முறையையும் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். தினமும் காலை மாலை ஒரு நோட்டில் இருமல், இன்ஹேலர், அன்று பாய்லர் எத்தனை மணிக்கு என்று மூன்றே மூன்று விஷயம் எழுதிவாருங்கள். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளிழுக்க மூச்சு வாங்கினாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பூத்தாலோ நோட்டை எல்லாம் தேடாதீர்கள், உடனே அவசரப் பிரிவு.

மாமனாரின் இருமலை வயசான இருமல் என்று விட்டுவிடாதீர்கள். ஃபேக்டரியில் எங்கே வேலை பார்த்தார், அடுப்புப் பக்கமா, தேயிலைத் தூசி பறக்கும் சலிப்பறையிலா? வீட்டுப் புகையும் சேர்ந்து முப்பது வருடம் என்றால் சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய் இருக்க நிறைய வாய்ப்பு. ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்யாமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளட்டும். பீடி இருந்தால், அதைப் பற்றி அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஒருமுறை கூட்டிவாருங்கள். அத்தையையும் சேர்த்துக் கூட்டிவாருங்கள். நான் மலையில் வேலை பார்த்த வருடங்களில், வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடத் தொடாத பெண்களின் நெஞ்சில் பீடிக்காரர்களின் நுரையீரலைக் கேட்டிருக்கிறேன். யாரும் அவர்களைக் கூட்டிவந்ததில்லை. கணவருக்கு மருந்து வாங்க வந்த இடத்தில், கதவோரம் நின்று இருமுவார்கள், அப்போதுதான் தெரியும்.

இனி அந்தத் தாடி. உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. அது பாசியும் இல்லை, முழுத் தாவரமும் இல்லை. பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்துகிற லைக்கன். நம் வீட்டுக்கு அந்நியமில்லை, செட்டிநாட்டுக் குழம்புக்குத் தாளிக்கிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான். லைக்கனுக்கு வேர் கிடையாது, மேலே தண்ணீர் தடுக்கும் தோலும் கிடையாது. மழையிலும் பனியிலும் காற்றிலும் வருவதை அப்படியே உறிஞ்சி வாழும், நல்லது கெட்டது பார்க்காது. பாரீஸ் நகரப் பூங்காவின் லைக்கன்களைப் பார்த்து, இது காற்றைச் சொல்கிறது என்று நைலாண்டர் என்கிற ஆய்வாளர் 1866இலேயே எழுதினார். எல்லா வகையும் ஒரே மாதிரி இல்லை. கல்லோடு ஒட்டிக்கிடக்கிற வகை தாங்கும். இலை மாதிரி விரிகிறது கொஞ்சம் தாங்கும். தாடி மாதிரித் தொங்குகிறது, காற்றில் எல்லாப் பக்கமும் நனைவதால், முதலில் போய்விடும்.

ஆகவே உங்கள் பேரி மரம் நல்ல செய்திதான் சொல்கிறது. பள்ளத்துக் காற்று குளிர்கால இரவில் கெட்டாலும், வருடம் முழுக்கப் பார்த்தால் இன்னும் மோசமாகிவிடவில்லை. ரோட்டோர மரங்களில் தாடி இல்லாததற்கு வண்டிப் புகை காரணமாக இருக்கலாம். ஆனால் அவை சில்வர் ஓக்காகவோ சீகையாகவோ இருந்தால் பட்டையே வேறு, வெயிலும் வறட்சியும் வேறு. இரண்டு இடத்திலும் ஒரே வகை மரத்தை ஒப்பிட்டால்தான் கணக்குச் சரி. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு பகலில் போய்ப் பாருங்களேன், மஞ்சள் பொடி பூசின மாதிரி ஒட்டியிருக்கிற லைக்கன் ரோட்டோரத்தில் இருக்கிறதா என்று. அந்த மாதிரிச் சில வகைகள் வண்டிப் புகையின் நைட்ரஜனில் செழிக்கும்.

லைக்கன் சொன்ன சாட்சி நம் மலையிலேயே இருக்கிறது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையிலிருந்து பாதரசம் ஆவியாகக் காற்றில் கலந்ததை, ஹைதராபாதிலிருந்த பாபா அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் அங்கிருந்த மரங்களின் லைக்கனையும் பாசியையும் எடுத்து அளந்துதான் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆவியை மரத்தின் தாடி சேர்த்துவைத்திருந்தது. சோலைக்காடும் இதே வேலையைத்தான் செய்கிறது. மூடுபனியை இலையாலும் பட்டையாலும் பிடித்துச் சொட்டுச் சொட்டாக மண்ணுக்கு இறக்குகிறது. அந்தத் துளியில் மழைத்துளியைவிட அழுக்கு செறிந்திருக்கும், ஏனென்றால் தண்ணீர் கொஞ்சம், கலந்திருப்பது நிறைய. அது ஓடையாகி, கீழே பவானிக்குப் போகிறது. என் துறை நெஞ்சு, மரமில்லை. இதற்கு மேல் நான் பேசினால் வனத்துறை நண்பர்கள் சிரிப்பார்கள்.

சென்னைக்குத் திரும்ப வேண்டுமா என்பதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். அங்கே கடற்காற்று உண்டு, மூடி போட்ட பள்ளம் இல்லை. அதே சமயம் வருடம் 365 நாளும் வண்டிப் புகை. உங்கள் ஊரில் கெட்ட காற்று மூன்று நான்கு மாதம், அதுவும் மாலையிலிருந்து காலை வரை. எப்போது வரும் என்று தெரிந்த எதிரியைச் சமாளிக்கலாம். இந்தக் குளிர்காலத்தை மேலே சொன்ன மாற்றங்களோடு கடந்து பாருங்கள். மார்ச்சில் அந்த நோட்டைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அப்போதும் பாப்பா வாரத்துக்கு இரண்டு இரவு எழுந்துகொண்டிருந்தால், சென்னைக்கு முன்னால், அதே ஊரில் மேட்டில் ஒரு வீடு கிடைக்குமா என்று தேடுங்கள். ஐம்பது அறுபது மீட்டர் மேலே போனாலே மூடிக்கு வெளியே வந்துவிட வாய்ப்பிருக்கிறது.

கடைசியாக அத்தை. உங்கள் புகையால்தான் பாப்பாவுக்கு இப்படி என்று பேச்சைத் தொடங்கிவிடாதீர்கள். பேத்தி குளிக்க வெந்நீர் வேண்டுமே என்று, குளிரில் ஐந்து மணிக்கு எழுந்து ஊதுகுழலோடு உட்காருகிறவர் அவர். விறகில் வெந்த சோற்றின் ருசி வேறு என்று அவர் சொன்னால், ஆமாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள், உண்மைதானே. டாக்டர் பாய்லரைப் பதினொரு மணிக்குப் பற்றவைக்கச் சொன்னார், நீங்கள் இனிமேல் ஏழு மணி வரை தூங்கலாமாம் என்று சொல்லிப் பாருங்கள். கரிச்சட்டிக்கு மட்டும் என் பெயரைத் தாராளமாகப் போடுங்கள், கோபம் என்மேல் வரட்டும்.